எலுமிச்சம்பழத்தின் மேல் நின்ற கார்

என் கணவர் கல்லூரியில் படித்த காலத்தில் ஒரு காரின் பின்சக்கரத்தை நின்ற இடத்திலேயே சுழலவிட்டுப் புகை கிளப்பினார். விருத்தாசலத்தில் இந்தச் செய்தி தெரியாதவர் யாராவது இன்னும் இருந்தால், அது என் கணவரின் குற்றமில்லை. அவர் தன்னால் முடிந்த அளவு சொல்லிவிட்டார். ஜங்ஷனில் ரயிலுக்குக் காத்திருந்தவர்களிடம் சொல்லியிருக்கிறார். எங்கள் கல்யாணத்துக்கு முன்பு என்னிடம் போனில் பேசிய இரண்டாவது நாளே சொன்னார். அப்போது நான் எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்திருந்தேன். ரப்பர் எரிந்தால் என்னென்ன வெளிவரும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும், "அப்படிங்களா, பயமா இல்லையா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

எங்கள் மகளுக்கு நான்கு வயது. வீசிங் இருக்கிறது. போன ஆடி மாதம் மூச்சு இழுத்துக்கொண்டு, மருத்துவமனையில் முகமூடி வைத்து மருந்து ஏற்றினார்கள். முகமூடியிலிருந்து வெள்ளையாக ஆவி வந்ததைப் பார்த்து அவள் நர்ஸிடம் சொன்னாள்: "எங்க அப்பாவும் பொக வுடுவாங்க."

நர்ஸ் நிமிர்ந்து என் கணவரைப் பார்த்தார். "கொழந்தைக்கு இப்படி இருக்குது, வூட்டுல சிகரெட்டு புடிக்கிறீங்களா சார்?"

வேறு யாராக இருந்தாலும் சுருங்கிப் போயிருப்பார்கள். இவர் முகம் மலர்ந்துவிட்டது. "அய்யோ, அது இல்ல சிஸ்டர். காரு. பர்ன் அவுட்டு! கேள்விப்பட்டு இருக்கீங்களா?" என்று ஆரம்பித்தார். குழந்தை மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்க, நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருக்க, அந்த நர்ஸ் கையில் மருந்துக் குப்பியோடு முழுக் கதையையும் கேட்டார். மரியாதைக்காகத்தான் கேட்டார். எனக்கு அந்த மரியாதை நன்றாகத் தெரியும். நான் ஆறு வருடங்களாகச் செய்துகொண்டிருப்பதும் அதுதான்.

கதை இதுதான். என் மாமனார் இருந்தபோது இங்கே சிறிய பீங்கான் பட்டறை ஒன்று வைத்தார். ஊறுகாய் ஜாடி, மின்கம்பத்தில் மாட்டும் பீங்கான் கட்டைகள், எப்போதாவது பொம்மைகள். இப்போது என் கணவர் நடத்துகிறார். மாமனார் புதுச்சேரியில் யாரிடமோ ஒரு பழைய கார் வாங்கினார். மூக்கு நீண்டது, இரண்டு ஆள் படுக்கலாம் போன்ற முன்பக்கம். எஞ்சின் செத்துப்போய், ஏதோ ஒரு வேனின் டீசல் எஞ்சினை எடுத்துப் பொருத்தியிருந்தார்கள். என் கணவர் பிற்பாடு போனில் வீடியோக்கள் பார்த்து, "அமெரிக்காவுல இந்த மாதிரி பவரான வண்டிய மசில் காருன்னு சொல்லுவாங்க" என்று கண்டுபிடித்தார். அந்த மசில் காரில் நாங்கள் ஒருமுறை சேத்தியாத்தோப்பு போனோம். வழியில் நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது. டிராக்டர்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆயுத பூஜையன்று எந்த வண்டிக்கும் பொட்டு வைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, மெதுவாக ஏற்றி நசுக்குவார்கள். எல்லா ஊரிலும் உள்ள பழக்கம். என் கணவரும் அவருடைய கல்லூரிக் கூட்டாளியும் இதில் ஒரு சீர்திருத்தம் செய்தார்கள். முன்சக்கரங்களுக்கு முன்னால் சூளைச் செங்கற்களை அண்டக் கொடுத்து, கார் நகர முடியாதபடி செய்துவிட்டு, எஞ்சினை அலறவிட்டுப் பின்சக்கரங்களை மட்டும் பழத்தின் மேல் சுழலவிடுவது. டயர் தேய்ந்து புகை வரும். பழம் இருந்த இடம் தெரியாது. "திருஷ்டி முழுசா போயிடும்" என்பது அவர்கள் கணக்கு. பட்டறைக் களத்தில் வருடா வருடம் நடந்தது. புகை சூளைப் புகைபோக்கி உயரத்துக்கு எழுந்ததாம். தெருவில் போன பஸ் நின்றுவிட்டதாம். ஒவ்வொரு வருடமும் சொல்லும்போது அந்த பஸ்ஸில் ஆட்கள் அதிகமாகிக்கொண்டே போனார்கள்.

நான் படித்த காலத்திலும் இந்த வகையறாக்கள் இருந்தார்கள். கல்லூரி பஸ் நிறுத்தத்தில் பெண்கள் ஏறும் நேரமாகப் பார்த்து, பைக்கின் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பின்சக்கரத்தைச் சுழற்றுவார்கள். ஒருநாள் ஒருவன் சுழற்றியதில் என் ரெக்கார்டு நோட்டு முழுவதும் சரளை மண் அடித்தது. உப்புக் கண்டறியும் சோதனைகளை மூன்று நாள் உட்கார்ந்து திரும்ப எழுதினேன். அவனுக்கு அதனால் என்ன கிடைத்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பஸ் கிளம்பியதும் நான் ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதுதான் கிடைத்ததோ என்னவோ.

கல்யாணமான முதல் ஆயுத பூஜையில் அந்தப் புகழ்பெற்ற புகையை நேரில் பார்த்தேன். பட்டுப்புடவையில், மாமியார் பக்கத்தில், பட்டறை வேலையாட்கள் எல்லோருக்கும் பின்னால் நின்றேன். கார் அலறியது. பின்னாலிருந்து வெள்ளையாக ஒரு பெரிய மேகம் கிளம்பி எங்கள் மேல் வந்து கவிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டும்போதே எனக்கு ஏதோ இடித்தது. ரப்பர் எரிந்தால் நாற்றம் மூக்கைப் பிடுங்க வேண்டும். நாற்றமே இல்லை. பல்லில் நறநறவென்று இருந்தது. புடவை முந்தானையைத் தேய்த்துப் பார்த்தேன். விரலில் வெள்ளை மாவு.

அது புகையே இல்லை. பீங்கான் மண். லாரியில் வரும் வெள்ளைக் களிமண்ணை அந்தக் களத்தில்தான் இறக்குவார்கள். சாக்குகளை அங்கேதான் உதறுவார்கள். சிமெண்டுத் தரையில் எப்போதும் ஒரு விரற்கடை தூள் படிந்திருக்கும். அதன் மேல் ஒரு சைக்கிள் சக்கரத்தைச் சுழற்றினாலும் மேகம் வரும். வழுக்கும் தூள் என்பதால்தான் அந்த நோஞ்சான் எஞ்சினால் சக்கரத்தைச் சுழற்றவும் முடிந்தது. பீங்கான் ஊரான விருத்தாசலத்தில் மட்டுமே ஒருவன் இப்படி வீரனாக முடியும்.

அன்று மாலை அவர் குழாயடியில் தலையைக் கழுவிக்கொண்டிருந்தார். வெள்ளை வெள்ளையாகத் தண்ணீர் ஓடியது. நான் துண்டோடு நின்றேன். "என்னங்க, அது பொக இல்லீங்க. மண்ணு" என்றேன்.

அவர் துண்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிட்டார், அவ்வளவுதான். மாமியார் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, "ஏம்மா, ஆம்பளைங்க எதையோ பேசிட்டுப் போறாங்க. பொகைன்னா பொகைன்னுட்டுப் போவியா, வந்த புதுசுலயே பரிச்ச வெக்கிறியே" என்றார். மூன்றாம் நாள் காலை இட்லி வைக்கும்போது நானே சொன்னேன்: "யோசிச்சுப் பாத்தேங்க. பொகதான் அது." அவர் சிரித்தார். "பின்ன?" என்று இன்னொரு இட்லி கேட்டார்.

அதன் பிறகு விருந்தாளிகள் வந்தால் நானும் சாட்சி சொல்ல ஆரம்பித்தேன். "ஆமாங்க, பயங்கர பொக." காபி டபராவை வைத்துக்கொண்டே சொல்லிவிடலாம், பெரிய வேலையில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மகளுக்கு இரண்டு வயதாக இருந்தபோது, அவளைத் தூக்கிக்கொண்டு அதே மேகத்தின் ஓரத்தில் நின்றேன். கூட்டாளி போனில் வீடியோ எடுத்தார், நான் சிரித்தேன். மண் என்று தெரிந்தே நின்றேன். அந்த வாரம்தான் அவளுக்கு முதல்முறை இளைப்பு வந்தது. மருத்துவரிடம் கேட்டேன். "பல காரணம் இருக்கும்மா, ஒண்ணைச் சொல்ல முடியாது. தூசி மட்டும் ஆகவே ஆகாது" என்றார். முதல் வாக்கியத்தை நம்பலாம் என்று பகலில் தோன்றும். கூட்டாளி அனுப்பிய அந்த வீடியோ இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. அடுத்த வருடம் காரின் கியர் பெட்டி போய்விட்டதால் நிம்மதியாக இருந்தேன். வாயால் சொல்ல முடியாததைக் கியர் பெட்டி எனக்காகச் செய்து கொடுத்தது.

இந்த வருடம் கார் சரியாகிவிட்டது. புரட்டாசி தொடங்கியதிலிருந்து அவரும் கூட்டாளியும் கம்மாபுரத்து மெக்கானிக்கிடம் போவதும் வருவதுமாக இருந்தார்கள். என் கணவருக்கு முப்பத்து நான்கு வயது. தலையில் முன்பக்கம் முடி விலகிக்கொண்டிருக்கிறது. கூட்டாளிக்குச் சர்க்கரை இருக்கிறது, டீயில் பாதி சர்க்கரை என்று சொல்லி வாங்கிக் குடித்துக்கொண்டே எத்தனை எலுமிச்சம்பழம் என்று பேசுகிறார். ஒருநாள் மகள் ஓடிவந்தாள்.

"அம்மா, ஆயுத பூஜைக்கு அப்பா பொக வுடப் போறாங்க. நான் அப்பா மடியில ஒக்காந்து வுடப் போறேன்."

நான் அவரைப் பார்த்தேன். "டாக்டர் தூசியே ஆவாதுன்னு சொல்லி இருக்காருங்க."

"தூசிதானே ஆவாதுன்னாரு? இது பொக. பொக மேல போயிடும்."

"பொகயும் ஆவாதுங்க."

"கண்ணாடிய ஏத்திட்டா உள்ள எப்படிம்மா வரும்? அஞ்சு நிமிஷம். அவ எவ்ளோ ஆசையா இருக்கா பாரு."

"அது பொகயே இல்லீங்க" என்று சொல்ல வாய் எடுத்தேன். கூட்டாளி முந்திக்கொண்டார். "ஏம் தங்கச்சி, நீயே எத்தினி பேருக்குச் சொல்லி இருக்க. போன பொங்கலுக்கு எங்க மாமனாருகிட்ட சொன்னியே, பயங்கர பொகைன்னு?"

சொல்லியிருந்தேன். அவர் மாமனாருக்கு இரண்டாவது முறை பாயசம் ஊற்றிக்கொண்டே சொன்னேன்.

"வுடுடா மாப்ள. இவளுக்கு எதப் பாத்தாலும் தூசி. தூசி டீச்சரு" என்றார் என் கணவர். மகள் கை கொட்டி, "தூசி டீச்சரு, தூசி டீச்சரு" என்று பாடினாள். மாமியார், "நாலு பேரு முன்னாடி செஞ்சு காட்ட ஆசைப்படுறான், ஒரு நாளு தானேம்மா" என்றார். நான் கொஞ்சம் அதிகமாகத்தான் பயப்படுகிறேனோ என்று எனக்கும் தோன்றியது. எனக்கு எப்போதும் அப்படித் தோன்றும். குழந்தைக்கு ஜலதோஷம் என்றால் இரண்டு நாள் முன்பே கூப்பிட்டுப் போயிருக்கலாமோ என்றும், போனால் வீணாகப் பதறினேனோ என்றும் தோன்றும். ஆனால் அந்த மண்ணைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகமில்லாத ஒரே விஷயத்தில் நானே பொய்ச் சாட்சி சொல்லி வைத்திருந்தேன்.

இரண்டு நாள் யோசித்தேன். பிறகு நினைவுக்கு வந்தது, ஆயுத பூஜைக்கு முன்பு பட்டறையைச் சுத்தம் செய்வது இந்த வீட்டு மருமகள் பொறுப்பு. இத்தனை வருடம் இயந்திரங்களைத் துடைத்து, ஆபீஸ் அறையை மெழுகிவிட்டு, களத்தை விளக்குமாற்றால் ஒப்புக்குத் தள்ளிவிட்டு வந்துவிடுவேன். இந்த முறை களத்தைக் கழுவினேன்.

பூஜைக்கு முந்தின நாள் காலை, பட்டறையில் அச்சு வார்க்கும் அக்கா ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, மோட்டாரில் ஹோஸ் மாட்டினேன். மகளை என் அம்மா வீட்டில் விட்டிருந்தேன். தண்ணீர் பட்டதும் களம் முழுவதும் பாலாக ஓடியது. அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "என்னாம்மா, தரையில சோறு போட்டுச் சாப்பிடப் போறாங்களா?" என்றார். இரண்டாவது முறை கழுவியபோது தண்ணீர் மோராக வந்தது. மூன்றாவது முறை தெளிந்து வந்தது. செங்கல் இடுக்கு, சுவர் ஓரம், காரின் சக்கரங்களுக்கு உள்பக்கம் எல்லாம் ஈரத்துணியால் துடைத்தேன். சிமெண்டுத் தரையின் உண்மையான நிறம் சாம்பல் என்று அன்றுதான் அந்தப் பட்டறையில் பலருக்கும் தெரிந்தது.

என் கணவர் வந்து பார்த்தால் உடனே புரிந்துகொள்வார், சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். பதில்களைக்கூட மனதில் அடுக்கி வைத்திருந்தேன். அவர் வந்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு களத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"பரவால்லயே. கல்யாண மண்டபம் மாதிரி ஆக்கிட்ட" என்றார். "நாளைக்கி வீடியோ சூப்பரா வரும்."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் பொய் சொல்லவில்லை. இத்தனை வருடமும் அதைப் புகை என்றே நம்பியிருக்கிறார். பிறந்ததிலிருந்து அந்த மண்ணுக்குள் வளர்ந்தவருக்கு அது கண்ணில் படவே இல்லை. பொய்யன் என்று மனதுக்குள் வைத்திருந்த ஆளை முட்டாள் என்று மாற்றி வைக்க வேண்டியதாயிற்று. பொய்யனாக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அங்கேயே சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். தரை காய்ந்துகொண்டிருந்தது. நான் ஹோஸைச் சுருட்டினேன்.

"மடியில வேணாங்க. ஆபீஸ் படியில நின்னு பாக்கட்டும். மத்தபடி வரட்டும்" என்றேன்.

நான் இறங்கி வந்துவிட்டேன் என்று அவருக்கு மகிழ்ச்சி. "சரி, படியில" என்று பெரிய மனதோடு ஒத்துக்கொண்டார்.

மறுநாள் பதினொரு மணிக்குப் பூஜை முடிந்தது. இயந்திரங்களுக்குச் சந்தனம், சூளைக்கு மாலை, எல்லோர் கையிலும் பொரி கடலை. காருக்கு வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். பின்சக்கரங்களுக்கு அடியில் பக்கத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம். கூட்டாளி செங்கற்களை அண்டக் கொடுத்துவிட்டுப் போனோடு முட்டி போட்டார். எழுந்திருக்க இன்னொருவர் கை கொடுக்க வேண்டியிருக்கும் என்பது அப்போதே தெரிந்தது. நான் படியில் மகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கைப்பையில் இன்ஹேலர் இருந்தது.

எஞ்சின் அலறியது. கார் ஒரு குதி குதித்து, செங்கல்லில் முட்டி, அணைந்தது. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. புகை இல்லை.

"கிளட்ச்சு, கிளட்ச்சு!" என்று கூட்டாளி கத்தினார்.

இரண்டாவது முறையும் அதேதான். காய்ந்த சிமெண்டைச் சக்கரம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அதை அறுத்துச் சுழற்ற அந்த எஞ்சினில் சத்து இல்லை. மூன்றாவது முறை டயர் ஒருமுறை கீச்சிட்டது. தரையில் ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்புக் கோடு. ஊதுபத்தியை அணைத்தால் வருமே, அந்த அளவுக்கு ஏதோ வந்து போனது. பிறகு எஞ்சின் செத்துவிட்டது. வாழைக்கன்று ஒன்று கயிறு அவிழ்ந்து முன்கண்ணாடியில் சாய்ந்தது.

"மாப்ள, பொக உள்ளுக்குள்ளயே போயிடுச்சாடா?" என்றார் கூட்டாளி. வேலையாட்கள் பொரியை வாயில் போட்டுக்கொண்டு சிரித்தார்கள். ஒருவர், "வண்டி விரதம் போல" என்றார்.

மகள் என் கையை உதறிவிட்டுப் படியின் ஓரத்துக்கு வந்தாள். "அப்பா, பொக எப்ப வரும்?"

அவர் காரிலிருந்து இறங்கினார். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து தரையைத் தடவினார். விரலைப் பார்த்தார். இன்னொரு இடத்தில் தடவினார். பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் ரசிப்பதற்காக எடுத்து வைத்திருந்த நேரம் அது. ரசிக்கவும் செய்தேன், கொஞ்சம்.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அவர் படிக்கு வந்து உட்கார்ந்தார்.

"எப்பலேந்து தெரியும் ஒனக்கு?"

"மொத வருசமே."

"சொல்லி இருக்கலாமில்ல?"

"சொன்னேங்க. தலைய கழுவிட்டு இருந்தீங்க."

அவர் யோசித்தார். "அப்புறம் நீயே பொகதான்னு சொன்னியே."

"ஆமா."

மகள் களத்தில் இறங்கி, நசுங்கிய பழத்தைக் குச்சியால் குத்திக்கொண்டிருந்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படின்னா, ரெண்டு வருசத்துக்கு முந்தி... பாப்பாவ நீ தூக்கிட்டு நின்னியே..." என்றவர் முடிக்கவில்லை. நானும் முடித்து வைக்கவில்லை. அவர் ஒன்றும் தெரியாமல் கிளப்பினார். நான் தெரிந்துகொண்டு நின்றேன். அவரைப் பார்த்துச் சிரிக்க இத்தனை வருடம் சேர்த்து வைத்திருந்தேன். அன்று அந்தப் படியில் அதில் பெரும்பங்கு எனக்குத்தான் வந்து சேர்ந்தது.

வீட்டுக்கு வந்து மகளின் முதுகில் காது வைத்துக் கேட்டேன். நான் எழுந்ததும் அவரும் வந்து காது வைத்தார். அதற்கு முன்பு அவர் அப்படிச் செய்ததில்லை.

"சத்தம் இல்லல்ல?"

"இல்லீங்க."

"அப்பா மீச குத்துது" என்று அவள் நெளிந்தாள்.

திருந்திவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். தீபாவளிக்கு அவருடைய சித்தப்பா வந்தபோது, "வருசா வருசம் வுடுவோம் சித்தப்பா. இந்த வருசம் சுற்றுச்சூழல் காரணமா நிறுத்திட்டோம்" என்றார். பஸ் நின்ற கதையும் வந்தது. புகைபோக்கி உயரமும் வந்தது. சித்தப்பா என் பக்கம் திரும்பி, "அப்படியாம்மா?" என்றார். என் கையில் காபி டபரா இருந்தது. அதை அவர் முன்னால் வைத்தேன்.

"அது பொக இல்லீங்க மாமா. பீங்கான் மண்ணு. பாப்பாவுக்கு ஆவாது" என்றேன்.

சமையலறையில் மாமியார் பாத்திரம் தேய்ப்பது நின்றது. என் கணவர் தன்னுடைய காபியை ஆற்றினார், ஆறிய பிறகும் ஆற்றினார்.

"மண்ணுதான் சித்தப்பா" என்றார் கடைசியில். "ஆனா பாக்க அப்படியே பொக மாதிரிதான் இருக்கும்."